கரையிலிருந்து மூன்றாவது வீடு

அன்பு மகன் தும்பிகோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், உன் தங்கை தெம்வா சுகம், அவள் வயிற்றில் இருப்பதும் சுகம், அங்கே பெர்த்தில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். சுகம் என்று எழுதினேனே தவிர மனசு சுகமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படிக்கிறவன் நீ என்று எனக்குத் தெரியாதா. நான் ரும்பியில் நம் வீட்டிலிருந்து எழுதவில்லை. ஜாம்பியாவில் செம்புச் சுரங்கத்துப் பக்கம் நம் சபைக்குத் தோழமைச் சபை ஒன்று இருக்கிறதே, அந்த லுபெம்பே குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். இந்தச் சபையின் கோயில் கதவில் நீ கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளை நம்பி முந்நூறு குடும்பம் சுரங்கச் சேற்றைத் தேக்கி வைத்திருக்கிற கரைக்கு அடியில் குடியிருக்கிறது. அந்தக் கரை கசிகிறது ஐயா. இதுதான் சங்கதி, இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஓடாமல் உட்கார்ந்து படி.

வீட்டு விஷயம் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தெம்வாவுக்கு டிசம்பரில் நாள் சொல்லியிருக்கிறார்கள், இந்த முறையாவது பெண் பிறக்கட்டும் என்கிறாள், மூன்றாவதும் பையனாக இருந்தால் உனக்கு அனுப்பிவிடுவாளாம். கூரைத் தகரம் மாற்றியாயிற்று. பேத்தி படத்தில் செருப்பில்லாமல் நிற்கிறாளே, அந்த ஊரில் செருப்பு கிடைக்காதா. அவளுக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை, இன்றைக்கு அதைப் பற்றிச் சண்டை போட வரவில்லை, ஆனாலும் இந்தக் கடிதத்தில் ஞானஸ்நானம் வரும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சபையார் நம் சபைக்கு வந்தபோது நீயும் விடுமுறையில் இருந்தாய். மூப்பர் சிபுயே என்ற பெரிய சரீரக்காரர் உன் கட்டிலில் படுத்து அதன் காலை முறித்தாரே, மறந்திருக்க மாட்டாய். அந்த வருகைக்குப் பதில் வருகை இப்போதுதான் எங்களுக்குக் கூடிவந்தது. பெண்கள் சங்கத்திலிருந்து பத்துப் பேர், தலைவி என்று நான் முன்னால், ஒரு வாடகை வண்டியில் இரண்டு நாள் பயணம். நம் சங்கத்து நியாகும்வெண்டாவுக்கு, எல்லை வருகிறவரைக்கும் ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டு வாந்திதான். இனிமே பரலோகத்துக்கு வண்டி வந்தாலும் நான் நடந்தே வரேண்டி என்று அழுகிறாள். எல்லைச் சாவடி அதிகாரி எங்கள் வெள்ளைச் சட்டையையும் கறுப்புப் பாவாடையையும் பார்த்துவிட்டு, அம்மாமாருங்க எல்லாம் எந்த ஊரு மேல படையெடுக்கிறீங்க என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் போனோம். எங்களோடு ஒரு மூட்டை அரிசி, ஒரு மூட்டை அவரை, பிரசங்க மேடைக்குப் போட நாங்களே பூவேலை செய்த துணி.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியபோது தூரத்தில் ஒரு மலை தெரிந்தது, மேலே மட்டமாக, ஒரு மரமில்லாமல் சாம்பல் நிறத்தில். என்ன மலை இது என்று கேட்டேன். மலை இல்லம்மா, கரை, சுரங்கத்துச் சேத்த அதுக்குப் பின்னாலதான் தேக்கி வெச்சிருக்கான் என்றார்கள். கோயில் புதுசு, செங்கல் இன்னும் பூசவில்லை, கரைக்கு இவ்வளவு கிட்டேயா கட்டினீர்கள் என்று கேட்டதற்குப் போதகர் கபம்பா, முன்னாடி எங்களுக்கும் பயந்தாம்மா, மேட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கிட்ட போயிடலாம்னு பாதிப் பேரு கிளம்பிட்டாங்க, அப்பதான் கம்பெனிக்காரங்க ஒரு பெரிய என்ஜினியர் கையெழுத்தோட தாள் கொண்டாந்து காட்டினாங்க, அதுக்கப்புறம்தான் தைரியமா அஸ்திவாரம் போட்டோம் என்றார். நல்ல மனுஷன், மெல்லப் பேசுகிறவர். அந்த என்ஜினியர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இரவு சாப்பாட்டுக்குக் களியும் வறுத்த புழுவும் வைத்தார்கள், நியாகும்வெண்டா எனக்கு விரதம் என்று சொல்லிவிட்டாள், எந்த விரதமோ கர்த்தருக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஆராதனை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்றரை வரை நடந்தது. மூன்று பாடகர் குழு, இரண்டு முரசு, பாட்டு பெம்பாவில் என்றாலும் ராகம் நம்முடையதுதான், நாங்கள் தும்புக்காவில் பாட அவர்கள் அவர்கள் பாஷையில் பாட இரண்டும் ஒன்றாகக் கலந்து கூரைத் தகரம் அதிர்ந்தது, எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. பிறகு விருந்தாளிகளை எழுப்பி நிறுத்தி அறிமுகம். நம் ஊரில் நான் சாகிறவரைக்கும் நியாலுஹாங்காதான், என் அப்பன் குலத்துப் பெண். இங்கே அது செல்லாது. பிள்ளை பெற்றவளைப் பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், பனா சோலா என்றால் சோலாவின் அம்மா, அவ்வளவுதான், அவளுடைய சொந்தப் பெயர் அவள் புருஷனுக்கே மறந்துபோயிருக்கும். ஆகையால் எங்கள் ஒவ்வொருவரிடமும் மூத்த பிள்ளை பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டுபோய் மூப்பர் சிபுயே மேடையிலிருந்து வாசித்தார். என் முறை வந்தது. பனா தும்பிகோ, தும்பிகோ முஹாங்கோவின் தாயார் என்று வாசித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சரீரத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் கதவுவரைக்கும் நடந்து போய் அங்கே ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அம்மா, அன்னைக்கு உங்க வீட்ல பாத்த அந்தப் பிள்ளையா இது, என்ன படிச்சிருக்கார் என்று கேட்டார். கரை அணைக்கட்டு சம்பந்தமான படிப்பு, ஆஸ்திரேலியாவில் உத்தியோகம் என்று நானும் குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னேன், ஏன் பொய் சொல்ல வேண்டும், பெருமையாகத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பெண்கள் குலவை போட்டுக்கொண்டு எழுந்து ஓடிவந்து இடுப்புத் துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து அதன்மேல் என்னை நடத்திக் கூட்டிப் போனார்கள். மகன் தாளை அனுப்பினாரு, ஆண்டவர் தாயையே அனுப்பிட்டாரு என்று மூப்பர் மேடையிலிருந்து கத்துகிறார். தாளைக் கதவிலிருந்து எடுத்து வந்து சங்கீதம் வாசிக்கிற மாதிரி வாசித்தார், கரை உறுதியாக உள்ளது, குடியிருப்போர் இடம் மாறத் தேவையில்லை, கீழே உன் பெயர், உன் பட்டம், உன் கையெழுத்து, அந்த முதல் எழுத்தை நீ வால் இழுத்துப் போடுகிறதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பெற்ற வயிறு குளிர்ந்துபோயிற்று ஐயா, மறைக்க மாட்டேன். அதோடு விட்டார்களா. அன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், பதினோரு வாரத்துப் பிள்ளை, பெற்றவர்கள் வேறு பெயர் முடிவு பண்ணி வைத்திருந்தார்கள், அங்கேயே கலந்து பேசி அதை மாற்றித் தும்பிகோ என்று வைக்கச் சொல்லிப் பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள்.

கையில் பிள்ளையோடு நிற்கிறேன், வெள்ளைப் பீங்கான் தொட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தேன், தொட்டிக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. போதகர் அள்ளி மூன்று முறை பிள்ளை தலையில் விட்டார், நான் துடைத்தேன், காய்ந்த இடத்தில் நெற்றியில் கோடாக அதே சாம்பல். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பக்கத்தில் நின்ற இந்த ஊர்க்காரி பனா சோலாவிடம் காதில் கேட்டேன். கிணறு எங்கம்மா இருக்கு, வத்தி ரெண்டு வருஷமாச்சு, இது இரக்கத்தின் ஊத்து, நாங்க உபவாசம் இருந்து கேட்டோம், கர்த்தர் கரைக்குக் கீழயே திறந்து விட்டாரு என்றாள். பிள்ளையின் நெற்றியை மறுபடி அழுத்தித் துடைத்தேன் தும்பிகோ.

சாப்பிட்டதும் அவளை விடாமல் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அக்டோபர் வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கிறது, கரையின் காலடியில் மட்டும் பூசணிக் கொடி பச்சையாகக் காடு மாதிரி. அதற்கு நடுவில் தண்ணீர் வருகிறது. சுற்றி நாலு கல் வைத்துச் சிலுவை நட்டு வேலி கட்டியிருக்கிறார்கள், துணி துவைக்கிறவர்கள் கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஈஸ்டர் சமயத்தில் தண்ணீர் முதலில் வந்தபோது விரல் பருமன், தெளிவாக இருந்ததாம். ஆகஸ்டில் தொடங்கி மறுபடியும் நாற்பது நாள் உபவாசம் இருந்தார்களாம், பிறகு பெருகிற்றாம். இப்போது என் முழங்கைப் பருமன் வருகிறது, அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில். நாக்கில் வைத்துப் பார்த்தேன், பழைய சாவியை நக்கினது போலக் கசக்கிறது.

உன் அப்பா பதினெட்டு வருஷம் நெல் பண்ணைக் கரைக்குக் காவலாக இருந்தார். தெளிந்து கசிந்தால் குறித்து வைத்துக்கொண்டு காலையில் சொல்வார், கலங்கிக் கசிந்தால் கரை உள்ளுக்குள்ளே தன்னைத் தின்கிறது என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஊரை எழுப்ப ஓடுவார். உனக்கு நான் சொல்ல வேண்டுமா. உதவித்தொகைக்கு எழுதின கட்டுரையில் நீ இதைத்தானே எழுதினாய், அதைப் படித்துத்தானே உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

திங்கட்கிழமை மூப்பர்களைக் கூட்டிச் சொன்னேன். கர்த்தர் கொடுத்தது என்று நீங்கள் கும்பிடுகிற தண்ணீர் கரைக்குள்ளிருந்து மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது, மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று கெஞ்சினேன். மூப்பர் சிபுயே ரொம்ப மரியாதையாகக் கேட்டார். தாயே கோவிச்சுக்காதீங்க, தாள்ல இருக்கறது உங்க மகன் கையெழுத்துதானே என்றார். ஆமாம் என்றேன். அவர் பொய் சொல்ற ஆளா என்றார். இல்லை என்றேன். அப்ப நாங்க அம்மாவ நம்பறதா மகன நம்பறதா, நீங்களே சொல்லுங்க என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வெளியே ஒருத்தி, சில தாய்மாருக்குப் பிள்ளைங்க பெரிய ஆளானா கண்ண உறுத்தும் போல என்று என் காதில் விழவே சொன்னாள். கம்பெனி வாசலுக்கும் போனேன், காவல்காரன் உள்ளே விடவில்லை, அவனும் அதே தாளின் நகலைத்தான் காட்டினான். ஒரே ஒரு லாபம், பனா சோலாவின் தம்பி வீடும் பக்கத்து வீடும் என் பேச்சைக் கேட்டுக் கட்டில் சட்டிபானையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை உனக்குப் போன் பண்ணினேன். அம்மா, அளவெல்லாம் வரம்புக்குள்ளதான் இருக்கு, இந்த மாதிரி வருஷத்துக்கு நாப்பது கரைக்குக் கையெழுத்துப் போடறேன், நீ இதுல தலையிடாத என்றாய். நீ நேரில் வந்து பார்த்தாயா என்று கேட்டேன். படம் அனுப்பினாங்கம்மா, கேமராவ மேல பறக்கவிட்டு எடுத்தது என்றாய். மேலிருந்து எடுத்த படத்தில் பூசணிக் கொடி பச்சையாகத் தெரிந்திருக்கும், தோட்டம் என்று நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. நீ கெட்டவன் இல்லை, என் பிள்ளை எனக்குத் தெரியாதா, பயந்துவிட்டாய். பயந்தால் நீ சின்ன வயசிலும் இப்படித்தான் போர்வைக்குள் போவாய்.

வியாழக்கிழமை வண்டி ஊருக்குத் திரும்பியது. நான் ஏறவில்லை. நியாகும்வெண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு, வாடி பைத்தியக்காரி, உம் பேரப் பிள்ளைங்க முகத்தப் பாக்க வேணாமா என்று அழுதாள். பார்க்க வேண்டும்தான். ஆனால் இங்கே எல்லாரும் பனா தும்பிகோ என்று கூப்பிடுகிறார்களே, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு எப்படி வண்டி ஏறுவேன், அந்தப் பெயரை நம்பித்தானே இவர்கள் இங்கே படுக்கிறார்கள். தாய் கீழே இருக்கிறாள் என்று தெரிந்தால் மகன் ஓடிவருவான் என்று கணக்குப் போட்டேன். பனா சோலா தன் வீட்டில் எனக்கு ஒரு அறை கொடுத்தாள். விடிந்ததும் ஊற்றுக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வைக்கிறேன், மத்தியானத்துக்குள் படிந்துவிடும், தீக்குச்சியை நிறுத்திப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை படிவு தீக்குச்சித் தலை முழுகுகிற அளவுதான். இன்று அரைக் குச்சி. நேற்றுவரை காய்ந்திருந்த துவைக்கிற கல்லுக்குக் கீழேயும் இன்றைக்கு ஈரம் வந்திருக்கிறது.

ஆனால் என் கணக்கு எங்கே தப்பினது கேள். சனிக்கிழமை வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் பனா சோலாவின் தம்பி தள்ளுவண்டியிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருக்கிறான். ஏனப்பா என்றேன். நீங்களே இங்க தங்கிட்டீங்களேம்மா, மகன் உள்ளுக்குள்ள ஏதோ நல்ல சேதி சொல்லியிருக்காரு, அதான் தைரியமா இருக்கீங்கன்னு புரிஞ்சுபோச்சு என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பக்கத்து வீட்டாரும் இறக்கிவிட்டார்கள். நேற்று ஆராதனையில் மூப்பர் மேடை ஏறி, கரை உறுதின்னு சொன்னவரோட தாயே கரைக்குக் கீழ குடிவந்துட்டாங்க, இதவிட என்ன அத்தாட்சி வேணும் என்றார். நான் பொறுக்க மாட்டாமல் எழுந்து நின்று, எனக்குப் பயமாக இருக்கிறது, பயந்துதான் தங்கியிருக்கிறேன், என் பிள்ளை பார்க்காமல் எழுதிவிட்டான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கை தட்டினார்கள் தும்பிகோ. எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று குலவை போட்டார்கள். நான் போனால் என் பேச்சுக்கு மதிப்பில்லை, இருந்தால் இருப்பதே சாட்சியாகிவிடுகிறது. நல்லது செய்கிறேன் என்று இவர்களைக் கட்டிப்போட்டுவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். இவர்கள் என்னை நம்பமாட்டார்கள், தண்ணீரின் நிறத்தை நம்பமாட்டார்கள், தாளைத்தான் நம்புவார்கள். அதே மாதிரித் தாளில், அதே முத்திரையோடு, அதே வால் இழுத்த கையெழுத்தோடு, நான் பார்க்காமல் எழுதினேன், கரை கசிகிறது, உடனே மேட்டுக்குப் போங்கள் என்று நாலு வரி எழுதி அனுப்பு. வந்த அந்த நிமிஷமே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஏறிவிடுவார்கள். உன் உத்தியோகம் போகலாம், உன் பெயர் கெடலாம், தெரிந்துதான் கேட்கிறேன். போனால் போகட்டும் ராசா, கூரைத் தகரம் புதுசு, வீட்டில் அரிசி இருக்கிறது, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. போதகர் மகள் இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவாள், கடிதம் பின்னால் தபாலில் வரும். கடிதம் வந்து சேரட்டும் என்று காத்திராதே. காங்கோ பக்கம் மூன்று நாளாக மேகம் கட்டுகிறது, முதல் மழை இந்த வாரம் என்று எல்லாரும் சந்தோஷமாக விதை எடுத்து வைக்கிறார்கள்.

கர்த்தர் உன்னையும் மருமகளையும் ஆசீர்வதித்துக் காக்கட்டும், பேத்திக்கு என் முத்தம், அவள் காலுக்குச் செருப்பு வாங்கிப் போடு. ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடு. என் விலாசம் கீழே எழுதியிருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள், முதல் வீட்டில் இரண்டு முதியவர்கள், இரண்டாவது வீட்டில் உன் பெயர் வைத்த பிள்ளை, அடுத்தது நான். நீ எழுதுகிற தாள் வந்து கடைசி வீடும் காலியான பிறகுதான் நான் மேடு ஏறுவேன்.

இப்படிக்கு, இங்கே உன் பெயரால் அழைக்கப்படுகிற உன் அம்மா,
பனா தும்பிகோ,
கரையிலிருந்து மூன்றாவது வீடு,
லுபெம்பே குடியிருப்பு.